முப்பத்தாறு அங்குல இடுப்பு

ஹார்லன் ட்வெட்டுக்கு அருவருப்பைத் தராத விஷயங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. யாரோ பாதி கடித்து வைத்த டோனட், பத்துப் பேர் கைபட்ட உப்புக்குடுவை, அவன் வேலை பார்க்கும் டிராக்டர் உதிரிபாகக் கடையில் மேஜைமேல் சாணி ஒட்டிய இரும்பை அப்படியே தூக்கி வைக்கும் வாடிக்கையாளர், எல்லாவற்றுக்கும் அவன் மூக்கைச் சுளிப்பான். ஆனாலும் அந்த வரிசையில் முதல் இடம் மச்சான் ஆர்வில் ஸ்காருக்குத்தான்.

ஆர்வில், ஹார்லனின் மனைவி நொரீனுக்கு அண்ணன். கீழுதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு, போகிற இடமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் புட்டியைத் தூக்கிப்போய் அதில் துப்புகிறவன். மான் பருவம் வந்துவிட்டால் கடையில் விற்கிற பெண்மான் மூத்திரத்தைப் பூட்ஸில் தடவிக்கொண்டு, அதே பூட்ஸோடு தங்கை வீட்டுச் சமையலறைக்குள் நுழைவான். "கலைமான் மயங்குதோ இல்லையோ, நான் மயங்கி விழுந்துடுவேன்" என்பான் ஹார்லன். ஆர்வில் பழுப்புப் பல்லைக் காட்டிச் சிரிப்பான். எதைச் சொன்னாலும் சிரிக்கிற ஜென்மம். அதுவும் ஹார்லனுக்குப் பிடிக்காது.

இவர்கள் எல்லாரும் வில்லும் அம்புமாக வேட்டையாடுவது நொரீனின் அக்கா வெர்டெலின் நிலத்தில். விஸ்கான்சின் மேட்டுப்பக்கத்தில் அதைவிட நல்ல காடு கிடையாது என்று நாங்கள் சொல்வோம், பக்கத்து மேட்டுக்காரர்களும் தங்கள் காட்டைப் பற்றி அதையே சொல்வார்கள். அந்தக் காட்டில் மேலே ஏறி மானுக்குக் காத்திருக்க ஐந்து மரங்கள், ஐந்து பேர். அதில் முகட்டின்மேல் நிற்கிற மேட்டு ஓக் ஹார்லனுடையது. மூன்று மான் தடங்கள் அதன் காலடியில் வந்து சேர்கின்றன. அந்த மரத்தில் உட்கார்ந்தவனுக்கு மான் வருமா என்பது கேள்வியே இல்லை, எப்போது வரும் என்பதுதான் கேள்வி. ஹார்லனுக்கு ஐம்பத்தாறு வயதில் சொந்தமென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த மரம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் வருஷா வருஷம் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய சொந்தம்.

மரத்துக்காக உறவுக்குள் அடிதடி வந்து, வெர்டெல் ஒரு விதி போட்டு வைத்திருந்தாள். நவம்பர் முதல் சனிக்கிழமை விடியுமுன் எல்லாரும் அவரவர் மரத்தில் ஏறிவிட வேண்டும். ஊரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுகிறவரை மேலேயே இருப்பவனுக்கு அடுத்த வருஷமும் அந்த மரம். அதற்குமுன் யார் இறங்கினாலும், காரணம் எதுவானாலும், அவன் மரத்தை யார் கேட்கிறானோ அவனுக்கு. "மான் அடிச்சாலும் சரி, மாரடைப்பு வந்தாலும் சரி, மேலயே கெடங்க" என்பாள் வெர்டெல். ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஆர்வில் ஒரு பெண்மானைக் காயப்படுத்திவிட்டு, அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் பத்து மணிக்கே இறங்கி அதன் பின்னால் போய்விட்டான். அவனுடைய நல்ல மரத்தை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து ஆர்வில் சதுப்போரத்து பாப்லார் மரத்தில் கொசுவோடும் தவளையோடும் கிடக்கிறான். ஒவ்வொரு வருஷமும் மேட்டு ஓக்கை ஆசையாகப் பார்ப்பான். ஹார்லன் இறங்கினால் முதலில் கேட்கப்போவது அவன்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த வருஷம் வெர்டெல் இன்னோர் உத்தரவும் போட்டாள். அவள் ஓக் மரங்களை மரம் அறுக்கும் ஆலைக்கு விற்கிறவள். போன குளிர்காலத்தில் எவனோ என்றோ அடித்த ஆணி ஒன்று அடிமரத்துக்குள் இருந்து ஆலையின் ரம்பத்தை உடைத்துவிட்டது. வாங்க வந்தவன் அவள் முகத்துக்கு நேரே ஏசிவிட்டுப் போனான்.

"இனிமே என் மரத்துல ஒரு ஆணி, ஒரு சங்கிலி, ஒரு தகர ஏணி இருக்கக் கூடாது" என்றாள் வெர்டெல். "ஏறணும்னா சேணம் கட்டி ஏறுங்க. இல்லாட்டி கீழ ஒக்காந்து முயல் புடிங்க."

சேணம் என்றால் குதிரை முதுகில் போடுவது அல்ல. இதில் குதிரையும் நீதான், சவாரிக்காரனும் நீதான். இரண்டு சாண் அகலத்தில் கெட்டித் துணி, இடுப்புக்கு ஒரு பட்டை, தொடைக்கு இரண்டு பட்டை. துணியின் இரண்டு பக்க வளையங்களிலிருந்தும் முன்னால் ஒரு கயிறு வளைந்து வரும். அதை மரத்தில் கட்டிய கயிற்றோடு கொக்கி போட்டு மாட்டிவிட்டு, சின்னக் கால்தட்டின்மேல் நின்று, பின்னால் சாய்ந்து தொங்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் தொட்டிலில் கிடக்கிற சுகம், மரத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் திரும்பி அம்பு விடலாம். பொருந்தாவிட்டால், குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான்.

ஹார்லன் சேணம் தருவித்தபோது இடுப்பளவு கேட்டார்கள். முப்பத்தாறு என்று யோசிக்காமல் சொன்னான். கல்யாணத்தன்று போட்ட பேண்டும் முப்பத்தாறு, இன்று போடுகிற பேண்டும் முப்பத்தாறு. வயிறு வளர வளர பேண்ட் கீழே இறங்கிக்கொண்டே போயிற்றே தவிர எண் மாறவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் இப்படித்தான். சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தாலும் எழுந்து உட்கார்ந்து முப்பத்தாறு என்பார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் இருந்த மேப்பிள் மரத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கால்தட்டைக் கட்டி, சேணத்தை மாட்டித் தொங்கிப் பார்த்தான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இடுப்பின் இரண்டு பக்கமும் யாரோ குறடு வைத்துத் திருகுவது போலிருந்தது. நொரீன் பின்வாசற்படியில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஊஞ்சலா, தூக்கா?" என்றாள்.

"பேசாம இரு. அளவு சரி பண்ணிட்டிருக்கேன்."

"அளவ வாங்குறதுக்கு முன்னாடில்ல பாக்கணும்?"

அவன் மரக்கயிற்றின் முடிச்சை நெஞ்சுக்கு இறக்கிப் பார்த்தான், கண்ணுக்கு நேரே ஏற்றிப் பார்த்தான். முன்கயிற்றை நீட்டினான். தொடைப்பட்டைகளை இறுக்கினான். பேண்டின் பெல்ட், கத்தி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிப் புல்லில் எறிந்தான். சேணத்தை இடுப்புக்குமேல் ஏற்றிக் கட்டிப் பார்த்தான். வயிறு மேலேயும் கீழேயும் பிதுங்கி, கயிறு கட்டிய மாவு மூட்டை போலிருந்தது. சமையலறைக் கண்ணாடி ஜன்னலில் அந்தக் கோலத்தைப் பார்த்தபோது சீ என்றிருந்தது அவனுக்கு. இந்தக் கண்றாவி நானா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கீழ எறக்கு" என்றாள் நொரீன். "அது குண்டிக்குக் கீழ வரணும்."

"கொழந்தைக்கு அரைத்துணி கட்டின மாதிரி இருக்கும்."

"மான் வந்து சிரிக்கப் போகுதா?"

அவள் உள்ளே போய்த் தையல் டேப்பையும் அவனுடைய குளிர்கோட்டையும் கொண்டுவந்தாள். கோட்டை மாட்டிவிட்டு, அவன் திமிறத் திமிறப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து அளந்தாள்.

"நாப்பத்தி நாலு."

"டேப் இழுத்துப்போச்சு."

"ஆமா, டேப்தான் பியர் குடிச்சு ஊதிப்போச்சு. இந்த மாசத்துக்குள்ள திருப்பி அனுப்பினா பெருசா மாத்திக் குடுப்பாங்க, ஹார்லன். நானே கட்டி அனுப்பறேன்."

"துணி புதுசு. பழகினா இளகும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனோ கூடத்தைக்கூடக் கோணல் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

அடுத்த வாரம் ஆர்வில் வந்தான். கையில் புட்டி, உதட்டுக்குள் உருண்டை. மேப்பிளில் தொங்கிக்கொண்டிருந்த ஹார்லனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான்.

"தொடைப்பட்டைய எதுக்கு இப்பிடி இறுக்கற, மாப்பிள்ள? அது சும்மா நழுவாம இருக்கறதுக்குத்தான். பாரம் பூரா குண்டிக்குக் கீழ துணியில விழணும்." குனிந்து இடுப்பருகே விரலை வைத்துக் காட்டினான். "இங்க பாரு. வளையம் நேரா எலும்பு மேல நிக்குது. எலும்பத் தாண்டி முன்னால வரணும். அப்பத்தான் கிள்ளாது. துணி பத்தல. இது உனக்குச் சின்னது."

"சின்னதெல்லாம் இல்ல. இளகும்."

"இளகறதுக்கு இது என்ன செருப்பா?" ஆர்வில் புட்டியில் துப்பிவிட்டு வண்டிக்குப் போய் ஒரு பழைய சேணத்தை எடுத்து வந்தான். "எங்கிட்ட ரெண்டு இருக்கு. இதப் போட்டுப் பாரு. நான் இதுல தூங்கியே போயிருக்கேன்."

நொரீன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் ஹார்லன் அதை இரண்டு விரலால் வாங்கினான். மாட்டினான். தொங்கினான்.

என்ன சுகம் அது! இடுப்பில் வலி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. வளையங்கள் எலும்பைத் தாண்டி முன்னால் வந்து நின்றன. முழங்காலை மரத்தில் ஊன்றிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினான், இடப்பக்கம் திரும்பினான். கால்தட்டின் விளிம்பில் நடந்து மரத்தையே பாதி சுற்றி வந்தான். வாழ்நாளில் எந்த நாற்காலியும் அவனை இப்படித் தாங்கியதில்லை. அப்போதுதான் கீழேயிருந்து அந்த வாடை மேலே வந்தது. புகையிலை எச்சில், பத்துப் பருவத்து வியர்வை, பெண்மான் மூத்திரம். குனிந்தால், துணியின் நடுவே ஆர்வில் உட்கார்ந்து உட்கார்ந்து கறுத்து மினுங்கும் ஒரு வட்டம். ஹார்லன் மூக்கைப் பொத்திக்கொண்டான். கொக்கியைக் கழற்றி உதறிவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினான்.

"நல்லாத்தானே தொங்கின?" என்றான் ஆர்வில் வாசலில் நின்று.

"லூசா இருக்கு."

ஆர்வில் அன்று மட்டும் சிரிக்கவில்லை. சேணத்தைச் சுருட்டிப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

"ஊறவெச்சுத் தொவைச்சுத் தரேன்" என்றாள் நொரீன்.

"ஆர்வில் குண்டி வெச்ச எடத்துல நான் வெக்க மாட்டேன்."

"அவன் வந்துட்டுப் போனப்புறம் நம்ம கக்கூஸ்ல ஒக்கார்ற இல்ல?"

இதைக் கேட்டபின் ஹார்லன் இரண்டு நாள் மாடிக் கழிவறைக்கே போனான். சேணத்தை மாற்றும் கெடு முடிந்துபோயிற்று. ஆர்வில் வைத்துவிட்டுப்போனது வண்டிக்கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, துவைக்காமலே.

நவம்பர் முதல் சனிக்கிழமை நல்ல பனி. விடியுமுன் மேட்டு ஓக்கில் ஏறி, புதுச் சேணத்தில் சாய்ந்தான் ஹார்லன். வடமேற்குக் காற்று முகத்தில் அடித்தது. அவனுக்கு முன்னால் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை. வலப்பக்கம் பின்னால் ஒரு எல்ம் மரம் விழுந்து கிடக்க, அதற்கப்பால் நிலம் சதுப்புக்கு இறங்கியது. இலை உதிர்ந்த காட்டில் தூரத்து பாப்லாரில் ஆர்வில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தான்.

எட்டு மணிக்கெல்லாம் குறடு இடுப்பைப் பிடித்துவிட்டது. ஒன்பதுக்கு வலது தொடை மரத்தது. நின்று பார்த்தான், சாய்ந்து பார்த்தான், முழங்காலை ஊன்றித் தவம் செய்தான். மூத்திரம் முட்டியபோது சேணத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு புட்டியைக் கொண்டுபோய் ஒரு போராட்டம் நடத்தினான். பாதி கையுறையில் போனது. அந்தக் கையுறையைப் பற்களால் கழற்ற வேண்டி வந்தபோது அவனுக்குத் தன் பிறவியின்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் இறங்கவில்லை. பன்னிரண்டு வரை. இந்த மரத்தில் ஆர்வில் தொங்கி, இந்தப் பட்டையில் அவன் பழுப்பு எச்சில் வழிவதை நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பே அவனை மேலே பிடித்து வைத்தது.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் கலைமான் வந்தது. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த மாதிரிக் கொம்பு. வந்தது முன்னால் இல்லை, வலப்பக்கம் பின்னாலிருந்து. வலக்கைக்காரன் வில் பிடிக்கையில் அதுதான் ஆகாத பக்கம். சேணம் பொருந்தியிருந்தால் கால்தட்டில் இரண்டு எட்டு வைத்து மரத்தைச் சுற்றி வந்து, மானை நேருக்கு நேர் பார்க்கலாம். ஹார்லன் இடுப்பைத் திருப்பினான். வளையம் எலும்பைக் கடித்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குமேல் திரும்ப முடியவில்லை. இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நாணை இழுத்தான். விட்டிருக்கக் கூடாது. கொம்பைப் பார்த்தான், விட்டான்.

பொத் என்று ஒரு சத்தம். பூசணிக்காயில் குத்தினதுபோல. மான் பாயவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு, மெல்ல நடந்தது. விழுந்து கிடந்த எல்ம் கிளைகளுக்குள் புகுந்து படுத்தது. கிளைகளுக்கு நடுவே அதன் ஒரு காதும் கொம்பும் தெரிந்தன. இன்னொரு அம்பு விட வழியில்லை.

குடலில் பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வில் பிடிக்கிற யாருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடலில் பட்ட மான் படுத்த இடத்திலேயே, பொழுதோடு, அமைதியாகச் செத்துப்போகும், அதை யாரும் கலைக்காமல் இருந்தால். கலைத்தால் எழுந்து போகும். ரத்தம் சொட்டாது, தடம் இருக்காது, மைல் கணக்கில் போய் எங்கோ நாறிச் சாகும். ஹார்லன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். தன்மேல் வந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டான். பரவாயில்லை, அது கிடக்கிறது, நானும் கிடக்கிறேன், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.

பதினொன்றரைக்குக் காற்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. பிறகு, எல்ம் மரத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன் பின்கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, சில்லென்று பட்டது. காற்று திரும்பிவிட்டது. அவன் வாடையைத் தூக்கிக்கொண்டு நேரே எல்ம் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், அதுவும் அவனுக்குத் தெரியும். மரத்தின் மறுபக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கி, ஓடைப்பக்கம் சரிந்து, காற்றின் வழியை விட்டுப் போய்விட வேண்டும். அடிமரம் மறைக்கும், பனியில் நனைந்த இலை சத்தம் போடாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சங்குக்கு அரைமணி இருந்தது.

கால் மரத்திருக்கிறது, இறங்க முடியாது என்று சொல்லிக்கொண்டான். காலைத் தூக்கிப் பார்த்தான். தூக்க முடிந்தது. நான் உயரத்தில் இருக்கிறேன், வாடை மேலேயே போய்விடும் என்று சொல்லிக்கொண்டான். பூட்ஸ், வியர்வை, புட்டி, கையுறை, எல்லாம் நாறிக்கொண்டு அங்கே தொங்குகிற மனிதன் இதைச் சொன்னான். பாப்லார் பக்கம் பார்த்தான். கறுப்புப் புள்ளி அசையாமல் இருந்தது. அவனுக்கா விட்டுக்கொடுப்பேன்? ஹார்லன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

கிளைகளுக்குள் காது திரும்பியது. பிறகு தலை எழுந்தது, மூக்கு காற்றில் நீண்டது. கலைமான் முன்னங்காலை ஊன்றி, நடுங்கி, பாதி எழுந்து, திரும்ப விழுந்து, மறுபடி எழுந்தது. வயிற்றுப்பக்கம் ஏதோ வழிந்தது. சதுப்பை நோக்கிக் கூனிக்கொண்டே நடந்து, பாப்லாருக்கு அப்பால் அம்புக்கு எட்டாத தூரத்தில் நாணலுக்குள் மறைந்தது.

அதன்பிறகு வெகுநேரம் கழித்துத்தான் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் ஹார்லன் கொக்கியைக் கழற்றிவிட்டான். அடிமரத்தில் கயிற்றால் கட்டியிருந்த துண்டு ஏணிகளில் காலை வைத்து விறுவிறுவென்று தரைக்கு வந்தான்.

ஆர்வில் சதுப்பிலிருந்து ஏறி வந்தபோது ஹார்லன் அம்பருகே நின்றுகொண்டிருந்தான். அம்பு மண்ணில் குத்தி நின்றது, இறகு வரை பச்சைப் பிசுபிசுப்பு.

"எறங்க முடியல, மச்சான்" என்றான் ஹார்லன், யாரும் கேட்காமலே. "காலு ரெண்டும் மரத்துப்போச்சு."

ஆர்வில் உதட்டிலிருந்த உருண்டையை எடுத்து எறிந்துவிட்டு அம்பைப் பிடுங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தான். முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. "குடல்தான்" என்று மட்டும் சொன்னான். ஹார்லனிடமும் நீட்டினான். அந்த நாற்றம் தொண்டை வரை இறங்கியது. ஹார்லன் இரண்டடி தள்ளிப்போய், குனிந்து, காலையில் குடித்த காப்பியைக் கக்கினான்.

சாயங்காலம் வரை ஆர்வில் சதுப்பில் முழங்காலில் தவழ்ந்தான். ஒவ்வொரு நாணலாகத் திருப்பிப் பார்த்தான். பச்சைத் தீற்றல் பட்ட இலை கிடைத்தால் முகர்ந்து பார்த்து, அந்த இடத்தில் ஒரு காகிதத்துண்டைக் கட்டினான். வெர்டெலும் மற்ற மூவரும்கூட வந்து இடுப்பளவு சேற்றில் நடந்தார்கள். ஹார்லனும் நடந்தான். கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன. சதுப்புக்கு அந்தக் கரையில் கிடந்தது. காட்டு நரிகள் பின்பக்கமிருந்து தின்ன ஆரம்பித்திருந்தன. முன்பக்கம் தொடவே இல்லை. நான்கு காலையும் சுற்றி மண் உழுததுபோல் கிளறிக் கிடந்தது. அது சாகும் முன்பே அவை வந்துவிட்டன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வயிறு ஊதி, பச்சையும் கறுப்புமாக ஒழுகி, ஈரப் பனியிலும் நாறியது. கொம்பு மட்டும் அப்படியே அழகாக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஹார்லனும் தொடவில்லை.

மத்தியானம் வெர்டெல் வீட்டு மேஜையில் வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்தார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் சுட்டெடுத்த ஹாட்டிஷ், ரொட்டி, வெண்ணெய். மரங்களை அடுத்த வருஷத்துக்கு முடிவு செய்வது இந்தச் சாப்பாட்டில்தான். வெர்டெல் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து ஹார்லனிடம் நின்றாள்.

"காலு மரத்துப்போச்சுன்னு சொன்ன."

"ஆமாக்கா. அந்தச் சேணம்... கொஞ்சம் சின்னது." அந்த வார்த்தை இத்தனை மாதம் கழித்து இப்போதுதான் வாயில் வந்தது.

"காத்து எப்ப திரும்புச்சு?" என்றாள் வெர்டெல் பொதுவாக. எல்லாரும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்று ஐந்து பேர் கழுத்திலும்தான் பட்டிருந்தது.

"ஆர்வில், நீ பாத்துட்டுதானே இருந்த? இவன் எப்ப எறங்கினான்?"

"சங்கு ஊதறப்போ."

"எப்பிடி எறங்கினான்?"

ஆர்வில் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அணில் மாதிரி" என்றான்.

நொரீன் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். வெர்டெல் ரொம்ப நேரம் ஹார்லனையே பார்த்தாள். பிறகு, "விதின்னா விதிதான்" என்றாள். "நான்தான் போட்டேன். சங்கு வரைக்கும் இருந்தான். மேட்டு ஓக் ஹார்லனுக்கு."

ஹார்லனுக்குக் காதுமடல் எரிந்தது. ஐம்பத்தாறு வருஷத்தில் தான் யார் யாரைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறோமோ, அத்தனை முகமும் இப்போது தன்னைச் சுற்றி உட்கார்ந்து சுளிக்காமல் இருக்கப் பாடுபடுவதுபோல் இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

"மச்சான்" என்றான். "நீ எடுத்துக்க. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு வேணாம். நீ எத்தன வருஷமா ஆசப்பட்ட."

ஆர்வில் தலையாட்டினான். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

"வேணாம், மாப்பிள்ள. அதுல ஒக்காந்தா உன் நெனப்பு வரும். எனக்குக் கொமட்டும்."

சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தான். வெர்டெல் மேஜையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். வேறு யாரும் அந்த மரத்தைக் கேட்கவில்லை.